வெற்றிலைச் சிவப்பு

ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் அண்ணன் வீட்டில் இருப்பவளுக்கு,

படகேறும்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "வாயைத் திறந்தா வெத்தலை, இல்லாட்டிச் சண்டை" என்றாய். அதற்கு உன் அண்ணன் சிரித்ததையும் மறக்கவில்லை.

வெற்றிலையை விட்டுவிட்டேன். உனக்காக இல்லை, பல் ஆடியது. விட்ட பிறகும் எச்சில் சிவப்பாகவே வந்ததால் இந்தக் கரையில் பசுந்தாங் பேட்டையில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுக்காரி, மாமா என்று முறை வைத்துத்தான் கூப்பிட்டாள். "ஊலே, இது ஈறு ரத்தம். ரொம்ப நாளா வருது, வெத்தலைச் சிவப்புல உங்களுக்குத் தெரியல. இப்பவாவது வந்தீங்களே, பல்லைக் காப்பாத்திரலாம்" என்றாள். ஈறுக்கடியில் கல்லாகப் படிந்திருந்த காறையைச் சுரண்டி எடுத்தாள். காலையிலும் இரவிலும் மெதுவாகத் தேய்க்கச் சொன்னாள். தேய்க்கிறேன். நீ சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

இன்று காலை துப்பியபோது நுரை வெள்ளையாக இருந்தது. கூப்பிட்டுக் காட்ட வீட்டில் ஆளில்லை. அதற்கும் உன்மேல்தான் கோபம்.

பல்லின் ஆட்டம் குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரைப் படகுத்துறைக்கு வருகிறேன். உன் அண்ணனைக் கூட்டி வராதே. முறுக்குச் சுட்டால் கொண்டு வா. மெதுவாகக் கடித்துப் பார்க்கிறேன்.

கோபம் இன்னும் தீராத
உன் வீட்டுக்காரன்