வெறுந்துகளிலும் ஒட்டிய சேர்மம்

அனுப்புநர்:
பணி எண் 217,
ஆய்வக உதவியாளர்,
தேடல் பிரிவு, இரண்டாம் தளம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மருந்து ஆய்வு நிறுவனம்.

பொருள்: தசைமெலிவு நோய்க்குக் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட சேர்மம் – மறுசோதனை கோருதல் – உறைபெட்டிகளை வியாழனன்று அணைக்காதிருக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எங்கள் பிரிவில் முப்பதாயிரம் சேர்மங்கள் உறைநிலையில் உள்ளன. ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆண்டுக்கணக்காகும். ஆகவே, காந்தத்துக்கு இழுபடும் நானோ துகள்களின் மேல் நோய்க்குக் காரணமான புரதத்தைப் பூசி, நூறு சேர்மங்கள் கலந்த கரைசலில் விடுகிறோம். பிறகு காந்தத்தால் துகள்களை ஒதுக்கிக் கழுவுகிறோம். கழுவிய பின்னும் ஒட்டி நிற்பது எதுவோ, அதுவே மருந்தாகக்கூடியது எனக் கொள்கிறோம். துகள் தயாரிப்பது என் வேலை.

2. சென்ற மாதம், பன்னிரண்டாயிரம் முடிந்த நிலையில், ஒரு சேர்மம் ஒட்டியது. கழுவக் கழுவப் போகவில்லை. பிரிவே கைதட்டியது, தாங்களும் நேரில் வந்து பாராட்டினீர்கள். நோயாளர் குடும்பங்களை அழைத்துக் கூட்டமும் நடந்தது. முன்வரிசையில் இருந்த தையற்காரர் என் அண்ணன். இப்போது அவருக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவது அண்ணிதான். இந்த உறவை நான் அலுவலகத்தில் தெரிவித்ததில்லை.

3. புரதம் பூசாத வெறுந்துகளையும் அதே கரைசலில் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அன்று நான் அதைச் செய்யவில்லை. அவசரம். யாருக்கான அவசரம் என்பது தங்களுக்கு விளங்கும். கூட்டம் முடிந்தது முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சென்ற வாரம் செய்து பார்த்தேன். வெறுந்துகளிலும் அது அப்படியே ஒட்டியது. துகளைப் புதிதாகத் தயாரித்தேன். காந்தத்தை மாற்றினேன். கழுவும் கரைசலையும் மாற்றினேன். மொத்தம் ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் ஒட்டியது. அது புரதத்தைப் பிடிக்கவில்லை அம்மா, துகளைத்தான் பிடிக்கிறது.

4. முடிவுகளைப் பிரிவுத் தலைவரிடம் காட்டினேன். "இப்பப் போய் இதைக் கிளறாதம்மா, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க" என்றார். தாள்கள் அவர் இழுப்பறைக்குள் போயின, நகல்களை இணைத்துள்ளேன். இதற்கிடையே, மருந்துதான் கிடைத்துவிட்டதே என்று, இன்னும் சோதிக்காத பதினெட்டாயிரம் சேர்மங்களின் உறைபெட்டிகளை வியாழனன்று அணைக்க ஆணை வந்திருக்கிறது. உருகினால் அத்தனையும் பாழ்.

5. நேற்று அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அலுவலக விவரத்தை வெளியே சொன்னது குற்றமே. அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் விரல்களை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு, "சரி, இது இல்லேன்னு ஆயிடுச்சு. மிச்சத்தைப் பாத்தாச்சா?" என்று கேட்டார்.

எனவே, வெறுந்துகள் சோதனையை என்னைத் தவிர வேறொருவர் செய்ய உத்தரவிடுமாறும், முடிவு எதுவாயினும் அந்தக் குடும்பங்களுக்கு நாமே சொல்ல ஏற்பாடு செய்யுமாறும் பணிந்து கேட்கிறேன். என் பிழைக்கான விசாரணை ஆற அமர நடக்கட்டும். எந்தத் தண்டனையையும் ஏற்பேன். உறைபெட்டிகளுக்குத்தான் அவகாசமில்லை. அணைக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும். அதை வாங்கிச் செல்லத் தங்கள் அறை வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

இடம்: இயக்குநர் அறை வாசல்
நாள்: செவ்வாய், காலை 9.40

இப்படிக்கு,
(ஒப்பம்)
பணி எண் 217

இணைப்பு: சோதனைத் தாள் நகல்கள் – ஐந்து