ஏந்தாத கைகள்

புவெப்லா,
2 அக்டோபர் 1997

அடியே நொயெமி,

உன் நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. வலது தோள் கட்டுக்குள் கிடக்கிறது, இடக்கையால் கிறுக்குகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்.

நேற்று உன் தம்பி உபால்தோ என்னைப் பார்க்க வந்தான். வாய் தவறி உளறிவிட்டான். நீ முழுகாமல் இருக்கிறாயாம்.

முகமூடிக்கு முகமூடி மல்யுத்தப் பந்தயம், தோற்றவள் முகமூடியை இழக்க வேண்டும், ஜெயிக்கிற வெறியில் விலகிவிட்டாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். மேடையில் எவ்வளவு பகையானாலும், மேல்கயிற்றிலிருந்து பாய்கிறவளைக் கீழே நிற்கிறவள் ஏந்த வேண்டும். ஒன்பது வருடம் என்னை ஏந்தினாய். நம் அரங்கின் ஆண்டுவிழாவில், கூட்டமே எழுந்து நின்றபோது, விலகினாய். மேடைக்கு வெளியே சிமெண்டுத் தரையில் விழுந்தேன். எழ முடியாமல் கிடந்தவளின் முகமூடியை நீயே உருவினாய். மறுநாள் பத்திரிகையில் என் வெறும் முகம். முகமூடிக்குள் நான் வாழ்ந்த ‘வெள்ளிக் குளவி’ அத்தோடு செத்தாள்.

வயிற்றுப் பிள்ளைக்காக விலகியதைத் தப்பு என்பேனா? என் ஆத்திரம் அதில் இல்லை. அதற்குச் சற்றுமுன் என் கழுத்தைக் கிடுக்கிப்பிடி போட்டு வைத்திருந்தாயே, உன் வாய் என் காதோரம்தானே இருந்தது? “மாசமா இருக்கேன், குதிக்காதடி” என்று சொல்ல நாக்கு எழவில்லையா?

அம்பாரோ

*

நெசா,
8 அக்டோபர் 1997

அம்பாரோவுக்கு,

சொன்னேன். நம்பினால் நம்பு. உன் முகமூடித் துணியில் வாயை அழுத்தி, “குதிக்காத அம்பாரோ, குதிக்காத” என்றேன். புரிந்தது என்பதுபோல் என் தொடையில் தட்டினாய். அதை நம்பித்தான் கீழே நின்றேன். நீயோ பாய்ந்து வந்தாய். வயிற்றைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினேன். மறுபடி நடந்தாலும் ஒதுங்குவேன்.

முன்பே சொல்லியிருக்கலாமா? நம்மோடு மேடையேறிய கிரிசெல்தாவுக்கு நடந்ததை மறந்துவிட்டாயா? வயிறு தெரிந்த அன்றே நம் முதலாளி தோன் ஃபெலிசியானோ அவளை அனுப்பிவிட்டார். பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தவளிடம், “அம்மாக்களப் பாக்க யாரு டிக்கெட் வாங்குவா? வீட்டுக்குப் போய்ப் பால் குடு” என்றார். நீயும் அங்கேதானே நின்றாய்? வாயைத் திறந்தாயா?

முகமூடியை உருவும்போது நீ கண்ணை மூடிக் கிடந்தாய். பிறகு மருத்துவமனைக்கு வந்தேன். உன் அம்மா கதவை என் முகத்தில் சாத்தினார். இப்போது நீயும் சாத்திக்கொள், போ.

நொயெமி

*

புவெப்லா,
20 அக்டோபர் 1997

நொயெமி,

என் காதில் விழுந்தது “குதி” மட்டும்தான். மிச்சத்தைக் கூட்டத்தின் கூச்சல் விழுங்கிவிட்டது. குதிக்கச் சொல்கிறாய் என்றுதான் தட்டினேன். இப்போது நான் யாரைத் திட்டுவது? இரண்டு நாளாக வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். உன்னை விரட்டியதற்காக அம்மாவுக்கும் கிடைத்தது.

நேற்று தோன் ஃபெலிசியானோ பூங்கொத்தோடு வந்தார். என்னோடு படம் எடுத்துக்கொள்ள ஒரு பத்திரிகைக்காரரையும் கூட்டி வந்திருந்தார். உன் விஷயம் அவருக்கும் எட்டிவிட்டது. “அந்தப் பொண்ணு கதை முடிஞ்சுதும்மா. நீ தேறி வா, உன்னோட மோத வேற ஆளு பாக்கறேன்” என்றார்.

பூங்கொத்தைப் பிடுங்கி அவர் மடியிலேயே எறிந்தேன். பத்திரிகைக்காரர் பக்கம் திரும்பிக் கத்தினேன்: “அவ வேணும்னேதான் நகர்ந்தா! எழுதிக்கோங்க! புள்ளையப் பெத்துட்டு வரட்டும். அடுத்த ஆண்டுவிழாவுல என் முடிக்கு அவ முடி. அவளை மொட்டையடிக்கல, எம் பேரு அம்பாரோ இல்ல. வேற எவளோடயும் நான் மேடை ஏற மாட்டேன்!”

இன்று எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் கொட்டை எழுத்தில். அரங்க வாசலில் இப்போதே டிக்கெட் கேட்கிறார்களாம். இனி அந்த மனுஷன் உன்னை எப்படி வெளியே தள்ளுவார், பார்க்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. இரவெல்லாம் தோள் வலிக்கிறது. எனக்குக் கடிதம் போடுவதை விட்டுவிட்டு, நாளைக்கே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு என்னைத் திட்டு. ஒப்புக்கு இல்லை, நாம் தீராத பகையாளிகள் என்று ஊரே நம்புகிற மாதிரித் திட்டு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. முடியை நன்றாக வளர்த்து வை.

அம்பாரோ