கோழிக்குக் கொடுத்த பூமருந்து

சங்ககிரி
தாது வருஷம், தை மாதம் 4

ஜலகண்டாபுரத்தில் இருக்கும் மாப்பிள்ளை தீர்த்தகிரி அவர்களுக்கு, மாமன் ராசப்பன் சொல்ல, கைலாசம் வாத்தியார் எழுதியது. இங்கே நானும் மகள் உண்ணாமலையும் உங்கள் குழந்தையும் சுகம். அங்கே உங்கள் தாயார் முதல் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

மருந்துச் சீசாவோடு நீங்கள் அனுப்பிய கடிதத்தை வாத்தியாரிடம் ஒருமுறை, தபால்காரரிடம் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போயின. பூவைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வெயிலில் வைத்து எடுத்தது, பாசம் முற்றிப் பிள்ளையைப் பிரிய முடியாதவர்களுக்கு மேட்டூர் வைத்தியர் கொடுப்பது, மாமாவுக்கு மோரில் மூன்று சொட்டு என்று இருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. கேட்டதை மறக்கவும் தெரியாது.

நோயில்லாத ஆளுக்கு எதற்கு மருந்து? மகளை என்னிடமிருந்து பிரிக்க ஏதோ வசியம் வைக்கிறீர்கள் என்றே நினைத்தேன். அந்தச் சந்தேகம் இன்னும் முழுக்கப் போகவில்லை. முதலில் தவிட்டில் கலந்து கோழிக்குப் போட்டேன். கோழி சாகவில்லை. மூன்றாம் நாள் தன் குஞ்சுகளைக் கொத்திக் கொத்தித் துரத்திவிட்டது. குஞ்சுகளுக்கு அந்த வயதாகிவிட்டது என்றாள் உண்ணாமலை. நான் நம்பவில்லை. சீசாவில் கரிக்கோடு போட்டுக் நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

நேற்றுப் பார்த்தால் மருந்து கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கிறது.

கேட்டதற்கு அவள் மறைக்கவில்லை. "ஆமாங்கய்யா, உங்க மோர்ல நாந்தான் ஊத்துனேன். இருவது நாளாச்சு. ருசி தெரியலீங்களா?" என்றாள். நீயும் அந்த ஊட்டுக்காரங்களோட சேர்ந்துக்கிட்டியா என்று சத்தம் போட்டேன். அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

பிரசவத்துக்கு வந்தவளைப் பதினோரு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆடி என்றேன், மார்கழி என்றேன். நடுவில் கார்த்திகையில் மாரியம்மன் கோயிலில் பூ கேட்டோம். வெள்ளை வந்தால் அனுப்புவது, சிவப்பு வந்தால் நிறுத்துவது என்று இரண்டு பொட்டலம் வைத்ததில் பூசாரி எடுத்தது சிவப்பு என்று உங்களுக்கு எழுதினேன். அவர் எடுக்காமல் விட்ட பொட்டலம்தான் அவள் கையில் இருந்தது. பிரித்தாள். அதிலும் காய்ந்த செவ்வரளி.

"ரெண்டுலயும் செவப்பு வெச்சு சாமியவே ஏமாத்திப் போட்டீங்க. நான் மூணு சொட்டு ஊத்துனது தப்புங்களா?" என்றாள். அதற்குள் குழந்தை அரளியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோயிற்று. பிடுங்கி எறிந்தேன்.

இரண்டு பொட்டலத்தையும் கட்டியது நான்தான். இவள் அம்மா செல்லாயி செத்த பிறகு என்னை அதட்ட இவளை விட்டால் ஆளில்லை. இதை எழுதும்போது வாத்தியார் சிரிக்கிறார். அதையும் எழுதச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம். வந்தால் ஏதாவது குறை கண்டுபிடித்து நிறுத்திவிடுவேன். வண்டி ஓட்டுவது யார் என்று முன்னமே எழுதவும். மாடு மிரளுகிற மாடாக இருக்கக்கூடாது.

மருந்தால் எனக்கு ஒரு குணமும் தெரியவில்லை. மிச்சத்தை என் கண்ணெதிரே மோரில் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். காலிச் சீசாவைக் குழந்தையின் துணிமூட்டைக்குள் வைத்து அனுப்புகிறேன். மறக்காமல் நிரப்பி அனுப்புங்கள். இனிமேல் நானேதான் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் நெடுங்காலம் வாழ மாரியம்மன் துணையிருப்பாள். அவளிடம் இந்தத் தடவை பூ கேட்கவில்லை.

இப்படிக்கு,
ராசப்பன்
(இடது பெருவிரல் ரேகை)