கீறல் விழாத வண்டி

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. பாப்பாவை பஸ்லயே ஸ்கூல்ல விட்டுடுங்க. கார் சாவியை நான் எடுத்துட்டுப் போறேன்.

நம்ம காசுக்கு ஸ்போர்ட்ஸ் செடான், அதுவும் ஒரு கீறல்கூட விழாத வண்டின்னு உங்க சிநேகிதர் அடிச்சு சத்தியம் பண்ணி வித்தாராமே? போன மாசம் லாரியில மோதி, இடது பக்கம் அப்பளமா நொறுங்கி எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்த வண்டிங்க அது.

தெருவுல யார் பழைய கார் வாங்கினாலும் முதல்ல என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்க. நீங்க என்கிட்ட மூச்சுகூட விடல.

சாயங்காலம் உங்க சிநேகிதரை வரச் சொல்லியிருக்கேன். நான் வர்ற வரைக்கும் விடாதீங்க.

பி.கு.: நேத்து "பெயிண்ட் எப்படிப் பளபளன்னு இருக்கு பாத்தியா?"ன்னு கேட்டீங்க. அதை அடிச்சதே நான்தாங்க.