வெறும் வேனின் உயரம்

எங்கள் வீட்டு இன்ஜினியருக்கு,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். கராஜ் சாவி ஜன்னலோரம் இருக்கிறது.

நேற்று டைல்ஸ் ஏற்றிய வேனை கராஜுக்குள் விட்டபோது, "லோடை வெளியிலயே இறக்குங்க. உள்ள இறக்கினா பாரம் குறைஞ்சு வண்டி எழும்பும், திரும்ப எடுக்கும்போது கூரை மேல இருக்கிற கேரியர் இடிக்கும்" என்றாய். "எனக்கே வண்டி பாடமா?" என்று எகிறினேன். அதோடு நீ பேச்சை நிறுத்திவிட்டாய். ஆனால் ஷட்டருக்கு உள்பக்கம், மேல் சட்டத்தின் உயரத்துக்கு ஒரு காலி பாட்டிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய்.

காலையில் நீ பிள்ளையைப் பள்ளியில் விடப் போனதும், வீம்புக்கு உள்ளேயே பெட்டிகளை இறக்கினேன். வேனைப் பின்னால் எடுத்தால், உன் பாட்டில் கேரியரில் பட்டு 'டொக்' என்றது. இறங்கிப் பார்த்தேன். நேற்று சுகமாக நுழைந்த கேரியர் இன்று சட்டத்தைவிட இரண்டு விரல் உயர்ந்து நிற்கிறது. இன்னும் ஓரடி வந்திருந்தால் கேரியரும் போயிருக்கும், ஷட்டரும் போயிருக்கும். அவ்வளவு கோபத்திலும் அளவு பிசகாமல் கட்டியிருக்கிறாயே, அசந்துபோனேன்.

பெட்டிகளைத் திரும்ப ஏற்றித்தான் வெளியே வந்தேன். இப்போது வாசல் சுவரோரம் அடுக்கியிருக்கிறேன். நீ தூக்காதே, மத்தியானம் உன் தம்பி வருவான்.

பி.கு.: பாட்டிலைக் கழற்றாதே.

இன்னொன்று: சாயங்காலம் வெறும் வேனோடு வருவேன். பாரம் இல்லாமல் உள்ளே நுழையாது. ஹாரன் அடித்ததும் நீ, பிள்ளை, தம்பி எல்லாரும் வந்து ஏறிக்கொள்ளுங்கள். முன் சீட் உனக்கு. பேசித்தான் ஆகவேண்டும் என்றில்லை.