துண்டோடு நின்ற அப்பாவுக்கு

ஈரத் தலையோடு என்னை வாசல்படி தாண்ட விடாத என் அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. லிங்கராஜபுரத்தில் எங்கள் சபைக்குக் காவேரித் தண்ணீர் வந்துவிட்டது. பின்பக்கம் இருக்கிற ஞானஸ்நானத் தொட்டியை நிரப்ப இனிமேல் டேங்கர் லாரிக்காரரைக் கெஞ்ச வேண்டாம். உள்ளே நீல டைல்ஸ் கூட ஒட்டியிருக்கிறார்கள். முதல்முறை குழாயைத் திறந்தபோது எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள், எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. "இனிமே முடி கொட்டாது" என்று நீங்கள் என் பின்னால் நின்று சொல்வது போல இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொட்டியில் திவ்யா ஞானஸ்நானம் எடுக்கிறாள். ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலிப் பெண், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். அவளை நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு நாள் ஆராதனையில் திரும்பிப் பார்த்தால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தோம். நேற்று கேன்டீனில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. என்ன என்று கேட்டதற்கு, "எங்கப்பா என்னைத் தலைமுழுகிட்டாருக்கா. போன்லயே சொல்லிட்டாரு" என்றாள்.

அவளுக்கு உடனே ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வார்த்தை நம் வீட்டிலும் ஒரு நாள் விழுந்த வார்த்தைதானே அப்பா? அதனால் முதலில் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன். அவளிடம் என்ன சொல்வது என்பது எழுதுகிற போக்கில் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நினைவிருக்கிறதா, நான் உங்களிடம் முதலில் சொன்ன லட்சணம்? ஆடுகோடி வீட்டுச் சமையலறையில் நீங்கள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். அம்மா போன பிறகு தோசைக்கல் உங்கள் வசம், சட்னி தம்பி செந்தில் வசம், பாத்திரம் கழுவுவது என் தலையில். "அப்பா, வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு முழுக்கு" என்றேன். சபையில் பேசிப் பேசி அந்தச் சொல் எனக்குப் பழகிப்போயிருந்தது, உங்களுக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசிக்கவே இல்லை.

"எதுக்கு முழுக்குப் போடுற? நல்ல கம்பெனிதானே? மேனேஜர் ஏதாச்சும் பேஜார் பண்றானா?" என்றீர்கள்.

நான் விழித்தேன். நீங்கள் கரண்டியோடு வந்து, வேலையை விடுவதென்றால் கையில் இன்னொரு வேலை இருக்க வேண்டும் என்று நீளமாக ஆரம்பித்துவிட்டீர்கள். பின்னால் தோசை கருகிக்கொண்டிருந்தது. செந்திலுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அவ வேலைய வுடல. கிறிஸ்டியன் ஆவுறா" என்று போட்டு உடைத்தான்.

குற்றம் உங்கள் மேல் இல்லை. நம் பேச்சு அப்படி. முழுக்குப் போட்டான் என்றால் கைவிட்டான் என்று அர்த்தம். தலைமுழுகினான் என்றால் உறவை அறுத்தான் என்று அர்த்தம். அதே தண்ணீரில் அதே தலையை முக்கி, நாங்கள் ஒரு வீட்டுக்குப் பிள்ளையாகச் சேருகிறோம் என்று சொன்னால் யாருக்குத்தான் புரியும்?

நீங்கள் சத்தம் போடவில்லை. அடுத்த நாள் லேத் பட்டறையைச் செந்திலிடம் விட்டுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகப் பாஸ்டரைப் பார்க்கப் போய்விட்டீர்கள். லேத்தில் ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்றால், செய்தவனையே போய்க் கேட்கிற ஆள் நீங்கள். திரும்பி வந்ததும் கொல்லைப்பக்கக் குழாயடிக்குப் போனீர்கள். "செந்திலு, நல்லியத் தொற" என்ற குரல் கேட்டது. நான் எட்டிப் பார்த்தபோது சட்டை, வேட்டியோடு உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

உடுத்திய துணியோடு நீங்கள் குளித்து அதற்கு முன் ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன். அது அம்மாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்று.

சொட்டச் சொட்ட உள்ளே வந்தீர்கள். "உங்க பாஸ்டர் சொல்லிட்டாரும்மா. தண்ணிக்குள்ள போறதுன்னா பழைய மனுஷி செத்துட்டான்னு அர்த்தமாம். அடக்கமாம். எம் பொண்ணு சாவுக்கு நான் குளிக்க வேணாமா? குளிச்சிட்டேன். உன்னைத் தலைமுழுகிட்டேன்னு வெச்சுக்கோ" என்றீர்கள். கோபம் கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னைக் கொன்றது.

நான் சபைக்குப் போனதற்குக் காரணம் நோய் தீர்ந்ததும் இல்லை, கனவில் யாரோ வந்ததும் இல்லை. நீங்கள் அப்போது காரணம் கேட்டிருந்தால் ஒன்றுதான் சொல்லியிருப்பேன். யோர்தான் ஆற்றில் இயேசு முழுகி எழுந்தபோது, வானத்திலிருந்து ஒரு குரல் அவரைத் தன் பிரியமான பிள்ளை என்றது. அதுவரை அவர் ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணியிருக்கவில்லை. ஒன்றும் செய்யாதவரைப் பார்த்து, நீ என் பிள்ளை, உன்மேல் எனக்குப் பிரியம் என்று ஒரு அப்பா சொன்னார். மதிப்பெண்ணுக்கும் அப்ரைசலுக்கும் பயந்தே வளர்ந்த எனக்கு அது போதுமாயிருந்தது. ஆனால் அதைச் சொல்லி ஞானஸ்நானம் எடுக்கப் போன சமயத்தில், என் சொந்த அப்பா நீ என் பிள்ளை இல்லை என்றுவிட்டார். இந்தக் கஷ்டத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

அந்த வாரம் தோசை வந்தது, பேச்சு வரவில்லை. தலைவலி வேறு. படுத்தால் பழைய ஞாயிற்றுக்கிழமைகள்தான் ஞாபகம் வந்தன. பெண்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைதான் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று ஆரணியிலிருந்து அத்தை போனில் திட்டுவார். உங்களுக்குப் பட்டறை விடுமுறை ஞாயிறுதான். அதனால் அம்மா இல்லாத நம் வீட்டில் எண்ணெய்க் குளியல் ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது. எனக்குச் சைனஸ். ஈரிழைத் துண்டை எடுத்து வேர்க்கால் காயும்வரை நீங்கள் துவட்டுகிற துவட்டில் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். லேத் பிடித்த கை, எங்கேயிருந்து மெதுவாக வரும்? அழுவேன். "அழு, அழு. தும்முறதுக்கு அழுவுறது தேவல" என்பீர்கள்.

அந்த ஞாயிறும் வந்தது. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். வெளியே பஸ் ஹாரன், பக்கத்துச் சந்தில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்த சத்தம். பாஸ்டர் என் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொல்லி மல்லாக்க முக்கினார். தண்ணீருக்குள் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குத் தேவ நினைப்பு எதுவும் வரவில்லை. அப்பா வரவில்லையே என்றுதான் இருந்தது.

எழுந்ததும் மூக்கிலும் காதிலும் தண்ணீர். சபை அக்காமார் பூத்துவாலையோடு ஓடி வந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஒரு ஈரிழைத் துண்டு வந்தது.

"நான் இவ அப்பாம்மா. கொஞ்சம் வழி வுடுங்க. நான் தொடைச்சு வுடுறேன்."

நெற்றியில் விபூதி, கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை. தொட்டி ஓரத்தில் என்னை உட்கார வைத்து, அத்தனை பேர் முன்னால், அதே துவட்டு. கழுத்து சுளுக்கிக்கொண்டது. நான் அழுதேன், நீங்கள் வழக்கம்போல் கண்டுகொள்ளவில்லை.

"போர் தண்ணியா, காவேரியா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"டேங்கர்ப்பா."

"முடி கொட்டும்."

பாஸ்டர் சிரித்துவிட்டார். சபையே சிரித்தது. உங்கள் சட்டை முன்பக்கம் முழுவதும் என் தலைத் தண்ணீரில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

திரும்பி வரும்போது, அல்சூர் ஏரி தாண்டியதும் கேட்டேன், "தலைமுழுகிட்டேன்னு சொன்னீங்களேப்பா?"

நீங்கள் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே, காற்றில் பாதி போக, மீதி என் காதில் விழச் சொன்னீர்கள். "அந்தப் பாஸ்டர் நேத்து பட்டறைக்கே வந்துட்டாரு. பாதியில எழுந்து வந்துட்டீங்களேய்யா, மீதியக் கேளுங்கன்னாரு. புதைக்கிறதோட முடியலையாம், எழுந்து வர்றதும் இருக்காம். எனக்கு இந்தச் சாமி விஷயமெல்லாம் தெரியாது வள்ளி. ஆனா சுடுகாட்டுல எல்லாத்தையும் முடிச்சிட்டு நாம திரும்பிப் பாக்காம வந்துடுவோம். உங்கம்மாவையும் அப்படித்தான் வுட்டுட்டு வந்தேன். எழுந்து வருவாங்கன்னு சொல்ற எடத்துல யாராச்சும் ஒருத்தர் நிக்கணும்ல? ஈரத்தோட எழுந்து வர்ற பொண்ணு, யாருமில்லாம நின்னா நல்லாவா இருக்கும்?"

ஞானஸ்நானத்தைப் பற்றி எத்தனையோ வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். மரிப்பது, அடக்கம், உயிர்த்தெழுதல் எல்லாம் மனப்பாடம். எழுந்து வருகிறவளுக்காக ஒருத்தர் கரையில் காத்து நிற்கிறார் என்பதை எனக்குக் காட்டியது நீங்கள்தான். அதற்கு நன்றி சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். நன்றி அப்பா.

அதற்குப் பிறகு நீங்கள் கிறிஸ்தவர் ஆகிவிடவில்லை, நானும் உங்களை நச்சரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைச் சபை கேட்டில் இறக்கிவிட்டு, அல்சூரில் உங்கள் முருகனைப் பார்க்கப் போவீர்கள். திரும்பி வந்து ஏற்றிக்கொள்வீர்கள். விபூதியும் பைபிளும் ஒரே ஸ்கூட்டரில் போவதைப் பார்த்துச் சிக்னலில் ஒருவர் முறைத்தார், நீங்கள் அவருக்கு வணக்கம் வைத்தீர்கள். கல்யாண வீட்டில் பெரியப்பா என்னைக் காட்டி ஏதோ கேட்டபோது, "எங்க வூட்ல ஞாயித்துக்கிழமைதான் தலைக்குக் குளிக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு எழுந்து போனீர்கள். பாவம், அவருக்கு இன்றுவரை அது விளங்கவே இல்லை.

போன ஆடியில் உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்ட வாசலில் பெஞ்சு போட்டார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். நான் கிட்டே வந்ததும் பெரியப்பா, "மதம் மாறின பொண்ணு, அவ கையால வேணாம்" என்றார். எங்கள் சபையிலிருந்து வந்திருந்த ஒரு அக்காவும் என் கையைப் பிடித்து, "சடங்குல கலந்துக்காதம்மா" என்றார். இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள்தான். நடுவில் நீங்கள் நனைந்து கிடந்தீர்கள்.

செந்தில் உள்ளே போய் ஈரிழைத் துண்டை எடுத்துக்கொண்டு வந்தான். "ஊத்துறத அவங்க ஊத்தட்டும். தொடைக்கிறது நீ தொடை. அதுக்கு யார் புஸ்தகத்துலயும் சட்டம் கெடையாது" என்றான்.

அத்தைதான் முதலில் நகர்ந்து இடம் விட்டார். உங்கள் தலையை மடியில் வைத்து, வேர்க்கால் காயும்வரை துவட்டினேன். உங்களைப் போல முரட்டுத்தனமாக வரவில்லை. அதற்கு மன்னித்துவிடுங்கள்.

மின் மயானத்துக்கு நானும் வந்தேன். கதவு மூடியதும், "திரும்பிப் பாக்காம நடங்க" என்றார் பெரியப்பா. எல்லாரும் நடந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன் அப்பா.

உங்கள் அப்பா இரட்சிக்கப்பட்டாரா என்று சபையில் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். தெளித்தால் போதும் என்கிற சபை உண்டு, முழுகியே ஆக வேண்டும் என்கிற எங்கள் சபை உண்டு. அன்றைக்கு உங்கள் சட்டையை நனைத்த தண்ணீர் எந்தக் கணக்கில் சேரும்? எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் செய்யாத என்னைப் பிள்ளை என்றவரிடம், என் அப்பாவையும் ஒப்படைத்துவிட்டேன்.

திவ்யாவிடம் சொல்ல வேண்டியது இப்போது தெரிந்துவிட்டது. தலைமுழுகியவருக்கும் துண்டு எடுக்கிற நேரம் வரும், உன் அப்பாவுக்குப் போன் போடுவதை நிறுத்தாதே என்று சொல்வேன். எந்தத் தெரு, எத்தனை மணி என்று மெசேஜ் அனுப்பி வை என்பேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டி ஓரத்தில் நான் நிற்பேன். சபை கேட் பக்கம் அந்த மனிதர் தலை தெரிந்தால், துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். வராவிட்டால் நானே துவட்டிவிடுவேன், அவள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு.

உங்களுக்கும் ஒரு வாக்கு. அந்த ஈரிழைத் துண்டைத் துவைத்து என் பீரோவில் வைத்திருக்கிறேன். எல்லாரும் எழுந்து வருகிற ஒரு காலை உண்டு என்று நான் நம்புகிறேன். அது ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும். நீங்கள் எழுந்து வருகிற இடத்தில், வேறு யார் வந்தாலும் வராவிட்டாலும், நான் துண்டோடு நிற்பேன்.

நீங்கள் தலைமுழுகி, நீங்களே தலை துவட்டிவிட்ட மகள்,
வள்ளி