அக்கா, மாத்திரையை நிறுத்தியவர்கள் நாங்கள்

அக்கா,

இன்று காலை பூந்தமல்லியில் ஒரு கிளினிக்கில் காத்திருந்தேன். எதிர்ச் சுவரில் மூளைப் படம். பார்த்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எண்பத்தெட்டில் உன் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டியதும் இதே படம்தான்.

அப்போது ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். உனக்கு அம்பத்தூரில் டைப்பிஸ்ட் வேலை. ஒருநாள், "பால் வந்துச்சு, பால்வாடி, வாடிப்போச்சு, போச்சுன்னா போலீஸ்" என்று நிறுத்தாமல் பேச ஆரம்பித்தாய். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தார். "இன்னா சார், உம் பொண்ணு ரேடியோ மாரி பேசிகினே கீது?" அப்பா உன்னை அறைந்தார். அத்தை பேய் என்றாள்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர்தான் உன் முகத்தைப் பார்த்துப் பேசினார். "மூளையில டோபமைன்னு ஒரு ரசாயனம். சில இடத்துல அது கூடிப்போகுதுன்னு நினைக்கிறோம். அப்போ எது முக்கியம், எது வேண்டாம்னு மூளையால பிரிக்க முடியாது. ஒரு வார்த்தை பத்து வார்த்தையை இழுத்துட்டு வரும். இது திமிரும் இல்ல, பேயும் இல்ல. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

நாலு மாதத்தில் தேறினாய். மாத்திரையால் கை லேசாக நடுங்கும், ஆனால் பேச்சு கோர்வையாக வந்தது. வேலைக்கும் போனாய். அப்போதுதான் திருமழிசையிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

"கை நடுங்கினா கேக்க மாட்டாங்களா? அதான் நல்லாயிட்டாளே, இன்னும் எதுக்குப் பைத்தியக்கார மாத்திரை?" என்றாள் அத்தை. அப்பா தலையாட்டினார். பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தவன் நான். இருபது வயது எனக்கு. டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாயில்லை.

அந்தச் சம்பந்தமும் கூடவில்லை. இரண்டே மாதத்தில் உன் பேச்சு மறுபடி சிதறியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரியும் என்று அப்பா உன்னை உள்ளே வைத்துப் பூட்டினார். கதவு திறந்திருந்த ஒரு மத்தியானம் எந்த பஸ்ஸிலோ ஏறிப் போய்விட்டாய். நசரத்பேட்டை ஹைவேயில் லாரி மோதியது.

சாவு வீட்டில் எல்லோரும் விதி என்றார்கள். என்ன விதி? மூன்று பேர் கூடிச் செய்ததற்கு விதி என்று பெயரா? அப்பாவும் அத்தையும் கடைசிவரை அப்படியே சொல்லிக்கொண்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

இத்தனை வருடம் கழித்தும் என் காதில் நிற்பது உன் உளறல் இல்லை அக்கா. நீ போவதற்கு இரண்டு நாள் முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாய். "தம்பி, நான் பேசறது தப்பா வருதுன்னு எனக்கே தெரியுதுடா. நிறுத்த முடியல. அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா."

ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

"அடுத்த வாரம் போலாங்கா" என்றேன்.